"நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?": டிமென்ஷியாவும் கலையும் வடிவமைப்பும்

வீட்டில் டிமென்ஷியா உள்ள பெரியவர் ஒருவர் இருந்தால், பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?" பாசத்தில் கேட்பதுதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பரீட்சை. படிக்காமல் வந்து மாட்டிக்கொண்ட பையனைப் போல விழிப்பார். சமாளித்துச் சிரிப்பார். சில நாள் எரிந்து விழுவார். அடுத்த விருந்தாளி வந்ததும் மறுபடி அதே வினாத்தாள்.

யோசித்துப் பார்த்தால் அவருடைய நாள் முழுவதுமே இப்படித்தான் போகிறது. சாப்பிட்டீங்களா, இல்லையா? இன்னிக்கு என்ன கிழமை? மாத்திரை எங்கே வச்சீங்க? மனிதர்கள் கேட்பது போதாதென்று வீடும் தன் பங்குக்குக் கேட்கிறது. ஒரே நிறத்தில் வரிசையாக நான்கு கதவுகள் இருந்தால், அதில் கழிவறை எது என்பது ஒரு கேள்வி. எந்தப் பக்கம் திருப்பினால் தண்ணீர் வரும் என்று தெரியாத புது மாடல் குழாய் இன்னொரு கேள்வி.

கலையும் வடிவமைப்பும் இங்கே என்ன செய்ய முடியும்? நான் புரிந்துகொண்டது இதுதான். நல்ல வடிவமைப்பு இந்தக் கேள்விகளைக் குறைக்கிறது. கலை, தப்பான விடையே இல்லாத கேள்விகளைக் கேட்கிறது. இரண்டுமே நோயைக் குணப்படுத்தாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். டிமென்ஷியா என்பது ஒரே ஒரு நோயின் பெயர் அல்ல. மூளை செல்கள் சேதமடைந்து நினைவு, சிந்தனை, பேச்சு, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் எல்லாம் படிப்படியாகக் குறைகிற நிலைக்கான பொதுப்பெயர். அதில் அல்சைமர் நோயின் பங்கு மட்டும் 60 முதல் 70 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுவதும் 5.7 கோடிப் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்கிறது 2023இல் வெளியான ஆய்வு.

தமிழில் இதை 'மறதி நோய்' என்கிறோம். புரிவதற்கு எளிய பெயர்தான், ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. பலருக்கு மறதியோடு பார்வையும் குழம்புகிறது. கண் சரியாகத்தான் இருக்கும். கண் அனுப்புவதை மூளை புரிந்துகொள்வதில்தான் தடுமாற்றம். அருகருகே இருக்கும் இரண்டு நிறங்களைப் பிரித்தறிவது, மேடு பள்ளத்தைக் கணிப்பது, இரண்டுமே சிரமமாகிவிடும். பளபளக்கும் டைல்ஸ் தரை தண்ணீர் தேங்கியதைப் போலத் தெரியும். வெளிர் நிறத் தரையில் கிடக்கும், கால் துடைக்கும் கறுப்பு மிதியடி குழியாகத் தெரியும்.

என் பெரியம்மா குளியலறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடிப்பார். குளிக்கச் சோம்பல் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கெஞ்சினோம், அதட்டினோம். பல வாரம் கழித்து ஒருநாள் துவைப்பதற்காக மிதியடியை எடுத்திருந்தார்கள். அன்று அவர் பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்தக் கறுப்பு மிதியடி அத்தனை நாளும் எங்களுக்கு மிதியடியாக மட்டும்தான் தெரிந்தது.

இந்த நோயில் இன்னொரு விஷயமும் உண்டு. எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. இன்று காலை நடந்தது முதலில் போகும். இளமைக்கால நினைவுகளும் கைக்குப் பழகிய வேலைகளும் பாட்டும் நெடுநாள் தங்கும். உணர்ச்சிகளும் அப்படித்தான். காலையில் வந்தது யார் என்று மறந்துவிடும், ஆனால் வந்தவர் சிரிக்க வைத்தாரா சீண்டிவிட்டுப் போனாரா என்பதன் சாயல் மாலை வரை முகத்தில் இருக்கும். கலை, வடிவமைப்பு இரண்டும் கைவைக்கும் இடம் இந்த மிச்சம்தான்.

தட்டில் இருந்து தொடங்கலாம்

அல்சைமர் முற்றிய பலர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுவார்கள். பசியில்லை, ருசி தெரியவில்லை என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வோம். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: ஒருவேளை சாப்பாடு அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லையோ? வெள்ளைத் தட்டில் மசித்த உருளைக்கிழங்கு இருந்தால், எது தட்டு எது உணவு? நோய் முற்றிய ஒன்பது ஆண்களுக்கு முதலில் வெள்ளைத் தட்டிலும் கோப்பையிலும் கொடுத்தார்கள். பிறகு பளிச்சென்ற சிவப்புக்கு மாற்றினார்கள். உட்கொண்ட உணவு 25 சதவீதம் கூடியது. குடித்த திரவம் 84 சதவீதம் கூடியது. ஆய்வு வெளியான ஆண்டு 2004.

அடுத்து அவர்கள் செய்ததுதான் இதில் அழகு. சிவப்பு நிறத்துக்கே ஏதாவது மாயம் இருக்கிறதா என்று பார்க்க, அடர் நீலத்தையும், வெளிறிய சிவப்பையும், வெளிறிய நீலத்தையும் சோதித்தார்கள். அடர் நீலத்துக்குப் பலன் இருந்தது. வெளிறிய இரண்டுக்கும் இல்லை. அப்படியானால் முக்கியம் நிறம் அல்ல, நிற வேறுபாடு. ஒன்பதே பேர் என்பதால் சதவீதங்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு தட்டு மாற்ற ஆகும் செலவில் நம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமே.

நம் வீட்டுத் தட்டு என்றதும் எவர்சில்வர் நினைவுக்கு வருகிறது. விளக்கு வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும், பார்ப்பவரின் முகத்தையும் மின்விசிறியையும் சேர்த்துக் காட்டும் தட்டில் தயிர் சாதம். இதைவிடக் கடினமான வினாத்தாளைத் தயாரிப்பது கஷ்டம். வாழை இலையைப் பாருங்கள்: பச்சை மேல் வெள்ளைச் சோறு, பளபளப்பு குறைவு. பாஸ்டன்காரர்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தினமும் இலைக்கு எங்கே போவது என்றால், அடர் நிறத்தில் ஒரு பீங்கான் தட்டு போதும்.

இதே வழியில் இன்னும் தூரம் போனவர் ஷா யாவ். தைவானில் பிறந்து அமெரிக்காவில் வடிவமைப்பு படித்தவர். அவருடைய பாட்டிக்கு அல்சைமர். அந்த அனுபவத்திலிருந்து 'ஈட்வெல்' என்ற சாப்பாட்டுப் பாத்திரத் தொகுப்பை உருவாக்கினார். அது 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் போட்டியில் பரிசு வாங்கியது. கிண்ணத்தின் உட்புறம் நீலம். காரணம் எளிது: நீல நிறத்தில் சாப்பாடு என்று எதுவும் அநேகமாகக் கிடையாது, எனவே எதைப் போட்டாலும் எடுப்பாகத் தெரியும். அடிப்பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். குழம்பும் பருக்கைகளும் தானாக ஒரு மூலையில் சேர்ந்துவிடும், அந்த வளைவுக்கு ஏற்ற மாதிரி கரண்டியின் முனை. கோப்பையின் அடிப்பாகம் எளிதில் கவிழாதபடி. பார்த்தால் நோயாளிக்கான சாமான் மாதிரியே இருக்காது, விருந்துக்கு எடுத்து வைக்கும் பாத்திரம் போல இருக்கும். அது அலங்காரத்துக்காகச் செய்தது அல்ல. எல்லோரும் நல்ல தட்டில் சாப்பிட, ஒருவர் மட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் சாப்பிட நேர்ந்தால், பெயரெல்லாம் மறந்த நிலையிலும் அவருக்கு அது உறுத்தும்.

தண்ணீர் கதையும் சுவையானது. தாகத்தை உணர்வதும், உணர்ந்தால் கேட்பதும், டம்ளரை எடுத்துக் குடிப்பதும் இந்த நோயில் ஒவ்வொன்றாகச் சிக்கலாகும். லண்டனில் வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த லூயிஸ் ஹார்ன்பியின் பாட்டி நீரிழப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தண்ணீரை நீட்டினால் மறுக்கிற பாட்டி, மிட்டாய்ப் பெட்டியைத் திறந்தால் உடனே கை நீட்டுவதைப் பேரன் கவனித்தார். அவ்வளவுதான், தண்ணீரையே மிட்டாயாக்கிவிட்டார். 'ஜெல்லி டிராப்ஸ்' என்ற அந்த உருண்டைகளில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். முதல் முறை கொடுத்தபோது பாட்டி பத்து நிமிடத்தில் ஏழு சாப்பிட்டார், அது ஒரு கோப்பைத் தண்ணீருக்குச் சமம். 'தண்ணி குடிங்க' என்று நாள் முழுக்க நச்சரிப்பதற்குப் பதிலாக ஒரு வண்ணப் பெட்டி. (விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு இந்த மாதிரி எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.)

வீடு, கதவு, பேருந்து நிறுத்தம்

அறைக்கும் இதே தர்க்கம்தான். வெள்ளை டைல்ஸ் பதித்த கழிவறையில் வெள்ளைக் கோப்பை இருந்தால் எங்கே உட்காருவது என்று தெரியாது. அடர் நிறத்தில் ஒரு இருக்கை மூடி மாட்டினால் தெரியும். கழிவறைக் கதவுக்கு மட்டும் தனி நிறம் அடித்து, படமும் எழுத்துமாக ஒரு பலகை ஒட்டலாம். வயதானவர்கள் குனிந்து பார்த்து நடப்பார்கள் என்பதால் பலகை தாழ்வாக இருக்க வேண்டும். வெளிச்சம் நிறைய வேண்டும், கண்ணாடி குறைய வேண்டும். கண்ணாடியில் தெரியும் கிழவி யார் என்று தெரியாமல் பயப்படுகிறவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் டிமென்ஷியாவுக்கென்றே ஒரு மையம் பல ஆண்டுகளாக இயங்குகிறது.

நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு நல்ல வடிவமைப்பு, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர். ஒரு தாள், ஒரு நாள், கொட்டை எழுத்தில் தேதியும் கிழமையும். மாதக் காலண்டர் போல முப்பது கட்டங்களில் தேட வேண்டாம். காலையில் தாளைக் கிழிப்பது அவருடைய வேலை என்று விட்டுவிடுங்கள். என்ன, சில வீடுகளில் ஒரே மூச்சில் பொங்கல் வரை கிழித்துவிடுவார்கள்.

முதியோர் இல்லங்களில் எல்லா அறைக் கதவும் ஒன்று போல இருக்கும். நெதர்லாந்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த முதியவர் முன்பு வாழ்ந்த வீட்டுக் கதவைப் புகைப்படம் எடுத்து, அதே அளவில் அச்சிட்டு, அறைக் கதவின் மேல் ஒட்டிவிடுவது. எண் தெரிய வேண்டாம், பெயர் படிக்க வேண்டாம். தன் வீட்டு வாசலைப் பார்த்ததும் கால் நின்றுவிடும். சிங்கப்பூரில் தோ பாயோ பேருந்து முனையத்தின் சுவர்களில் பழங்காலப் பொருட்களைப் பெரிது பெரிதாக வரைந்து வைத்திருப்பதும் இதே எண்ணத்தில்தான். பேருந்து எண் நினைவில் நிற்காவிட்டாலும் சின்ன வயதில் கையாண்ட பொருளின் படம் நிற்கும்.

பேருந்து என்றதும் ஜெர்மனிக்குப் போயாக வேண்டும். டூசல்டார்ஃப் நகரின் பென்ராத் பகுதியில் ஒரு முதியோர் இல்லம். அங்கிருப்பவர்கள் சிலர் 'வீட்டுக்குப் போகணும்' என்று கிளம்பி வெளியே போய் வழி தவறிவிடுவார்கள், போலீஸ் தேடிக் கூட்டிவர வேண்டும். 2008இல் இல்லத்தின் வாசலிலேயே ஒரு பேருந்து நிறுத்தம் அமைத்தார்கள். பெஞ்சு உண்டு, பழைய பாணிப் பலகை உண்டு. பேருந்து மட்டும் வராது. வீட்டுக்குப் போகத் தவிப்பவர் பலகையைப் பார்ப்பார், பழக்கமான இடம், உட்காருவார். கொஞ்ச நேரத்தில் தவிப்பு அடங்கும், எதற்கு வந்தோம் என்பதும் மறந்துபோகும். ஊழியர் வந்து, பேருந்து தாமதமாகுது போல, அதுவரை ஒரு காபி குடிக்கலாமா என்று கூட்டிப் போவார்.

இது ஏமாற்று இல்லையா? உலகம் முழுக்க இதைப் பற்றிச் சண்டை நடக்கிறது. எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் மாற்று வழி என்ன என்று கேட்டுப் பாருங்கள்: பூட்டிய கதவு, அல்லது மயக்க மருந்து. இரண்டையும் விட அந்தப் பெஞ்சு மரியாதையானது. 'வீட்டுக்குப் போகணும்' என்பதன் பொருள் பல நேரம் ஒரு முகவரி அல்ல, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்பதுதான். பயத்துக்கு யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.

ஒரு கிராமத்தையே இப்படிக் கட்டியதும் உண்டு. ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009இல் திறந்த ஹோகெவெய்க். தெரு, தோட்டம், மளிகைக் கடை, உணவகம், அரங்கம். ஆறேழு பேர் சேர்ந்து வாழும் வீடுகள், சீருடை போடாத ஊழியர்கள். முதியவர் எங்கே நடந்தாலும் தொலைய மாட்டார், ஏனென்றால் ஊருக்கு ஒரே ஒரு வாசல்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவின் பணக்கார நாடு ஒன்றின் பொதுப்பணத்தில் நடக்கும் ஏற்பாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் நமக்குப் பலன் இல்லை. தட்டும் மிதியடியும் நம் கையில் இருக்கின்றன.

தப்பான விடையே இல்லாத கேள்வி

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமா 2006இல் டிமென்ஷியா உள்ளவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சேர்த்து ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. கூட்டம் இருக்கக் கூடாது என்பதற்காக, அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறையாக இருந்த செவ்வாய்க்கிழமையில் வைத்தார்கள். நான்கைந்து ஓவியங்கள்தான். ஒவ்வொன்றின் முன்னும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் பேசுவது.

எப்படிப் பேசுவது என்பதில்தான் சூட்சுமம். அந்த அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ வையத் 1948இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்று இருக்கிறது. காய்ந்த புல்வெளியில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டித் தரையில் கிடக்கிறாள், தூரத்தில் ஒரு வீடு. 'இதை வரைந்தது யார்' என்று கேட்டால் அது பரீட்சை. 'இவள் அந்த வீட்டுக்குப் போகிறாளா, அங்கிருந்து வருகிறாளா?' என்று கேட்டால்? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அறையில் உள்ள எல்லோரும் ஒரே நிலையில்தான் இருக்கிறோம். மகளோடு வந்த அம்மாவுக்கு, மகள் திருத்தாத ஒரு மணி நேரம் கிடைக்கிறது. மகளுக்கும் அம்மா என்ன நினைக்கிறாள் என்று கேட்க ஒரு மணி நேரம் கிடைக்கிறது.

இதே விஷயத்தை இன்னும் எளிதாகப் பிடித்தவர் நாடகக் கலைஞர் ஆன் பாஸ்டிங். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு முதியோர் இல்லத்தில், டிமென்ஷியா உள்ளவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார். பதிலே வராது. ஒருநாள் ஒரு பத்திரிகையிலிருந்து மார்ல்போரோ சிகரெட் விளம்பரத்து ஆளின் படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். ஞாபகப்படுத்த வேண்டாம், கதை கட்டுவோம். இந்த ஆளுக்கு என்ன பேர் வைக்கலாம்? ஃபிரெட், என்றார் ஒருவர். எங்கே இருக்கான்? ஓக்லஹோமா. அப்புறம் நிற்கவில்லை. சொன்னதையெல்லாம் எழுதி, அவ்வப்போது உரக்கப் படித்துக் காட்ட, கதை வளர்ந்துகொண்டே போனது. அது 1996. அதிலிருந்து பிறந்த 'டைம்ஸ்லிப்ஸ்' முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. 2016இல் அவருக்கு மெக்கார்தர் விருது கிடைத்தது. நினைவு தேவைப்படாத பேச்சு என்று ஒன்று இருக்க முடியும் என்பதே நமக்குத் தோன்றாத விஷயம், இல்லையா?

கலை என்றாலே நிம்மதி, புன்னகை என்று எழுதிவிட்டுப் போவதும் சரியில்லை. லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் வில்லியம் உட்டர்மோலனுக்கு 1995இல் அல்சைமர் உறுதியானது. அதன் பிறகும் சில ஆண்டுகள் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். வரிசையாகப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். முகத்தின் கோடுகள் குலைகின்றன, கண் இடம் மாறுகிறது, கடைசியில் பென்சிலில் ஒரு தலையின் சாயல் மட்டும். மருத்துவ வகுப்புகளில் இதை மூளைச் சிதைவின் பதிவாகக் காட்டுகிறார்கள். எனக்கோ அதில் வேறு ஒன்றுதான் முதலில் படுகிறது: கை பென்சிலை விடவில்லை. என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுவாக இருந்திருக்கும்.

பேச்சே போய்விட்ட கடைசிக் கட்டத்தில் என்ன செய்வது? வேல்ஸில் கார்டிஃப் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தில் கேத்தி டிரெட்அவேயின் குழு அதற்காக 'ஹக்' என்ற ஒரு துணிப்பொம்மையை உருவாக்கியது. நீளமான கைகாலில் கனம் இருக்கும், மடியில் வைத்தால் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். உள்ளே இதயம் துடிக்கும், பிடித்த பாட்டும் பாடும். பெரியவர் கையில் பொம்மையா என்று முகம் சுளிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதைத் திணிப்பதில்லை, பக்கத்தில் வைப்பார்கள். எடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம். தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற நாம் இதில் கௌரவம் பார்ப்பது வேடிக்கைதான்.

நம் வீட்டில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், அவருடைய கை முன்பு என்ன வேலை செய்தது என்று பாருங்கள் என்பேன். கோலம் போட்ட கையா, தச்சு வேலை செய்த கையா, தாளம் தட்டிய கையா? வண்ணம் தீட்டும் குழந்தைப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு 'அவருக்கு ஆர்வமே இல்லை' என்று சொல்லக் கூடாது. தச்சருக்கு உப்புத்தாளும் ஒரு மரக்கட்டையும் கொடுத்தால் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் கட்டை எதற்கும் பயன்படாமல் போகட்டுமே.

பெரியம்மா விஷயத்தில் அது பூ. கடைசி வருடம் நான் போனபோது வழக்கம்போல 'நான் யாருன்னு...' என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "பெரியம்மா, நான்தான், உங்க தங்கச்சி மகன் வந்திருக்கேன்" என்று நானே சொல்லிவிட்டு, வாங்கி வந்த உதிரி மல்லிகையைத் தாம்பாளத்தில் கொட்டி, நூல்கண்டைப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரல் தானாக நூலைத் தேடியது. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுண்டு, ஒரு முடிச்சு. ஒரு முழம் ஆனதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாரு பெத்த பிள்ளையோ, சும்மா உக்காந்திருக்கே. அந்த நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பா."